வரப்புத் தேக்கு கதவு நிலைக்கு ஆகுமா? 24 வருட மரம், ஆறு நிற்கிறது

வரப்போரம்:

வணக்கம். பட்டுக்கோட்டை பக்கம் ஊரில் வீடு கட்டுகிறேன். பேஸ்மெண்ட் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் நிலை நிறுத்த வேண்டும் என்று கொத்தனார் நெருக்குகிறார்.

அப்பா 24 வருடத்துக்கு முன் வரப்பில் ஊன்றிய தேக்கில் ஆறு மரம் தேறி நிற்கிறது. நெஞ்சு உயரத்தில் கயிறு சுற்றிப் பார்த்தேன், எல்லாமே மூன்றடிக்குக் கொஞ்சம் கீழே. ஆசாரி, "இது இளசு, பர்மா வாங்கிடுங்க" என்கிறார். மரக்கடைக்காரர், "பர்மாவெல்லாம் எதுக்கு, கானா தேக்கே போதும்" என்கிறார். மாமா வேங்கைதான் உசத்தி என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். அப்பாவோ, "நான் தண்ணி ஊத்தி வளர்த்த மரம் நிக்கும்போது எவன்கிட்டயோ போய் ஏன் காசு கொடுக்கணும்" என்று இரண்டு நாளாகச் சரியாகப் பேசுவதில்லை.

வாசல் நிலை ஒன்று, உள் நிலை நான்கு, ஜன்னல் ஆறு. யார் சொல்வதைக் கேட்பது?

உளிச்சத்தம்:

தம்பி, மூன்று தலைமுறையாக மரவேலை செய்கிற வீடு எங்களுடையது. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பர்மாத் தேக்கு, கானாத் தேக்கு, நாட்டுத் தேக்கு என்று ஊர்ப்பெயரை வைத்துப் பேசுவது கடைக்காரர் பேச்சு. நமக்கு வேண்டியது வைரம்.

எந்தத் தேக்கை அறுத்தாலும் வெட்டுமுகத்தில் இரண்டு நிறம் தெரியும். வெளியே பட்டையை ஒட்டி வெளுத்த வளையம், அது வெள்ளை. உள்ளே தேன் நிறத்தில் இருப்பது வைரம். கரையான் தொடாது, தண்ணீர் இறங்காது, நூறு வருடம் நிற்கும் என்று தேக்குக்குச் சொல்கிற பெருமையெல்லாம் வைரத்துக்கு மட்டும்தான். வெள்ளையைக் கரையான் முருங்கை மாதிரித் தின்றுவிடும். பர்மாக் காட்டில் வளர்ந்த மரத்தின் வெள்ளையும் அப்படித்தான்.

மரம் உயிரோடு இருக்கும்போது தண்ணீர் ஏறுவது அந்த வெள்ளையில். அது பழசாகி அடையும்போது டெக்டோகுயினோன் மாதிரிக் கரையானை அண்டவிடாத சரக்கும் ரப்பர் போன்ற ஒரு பிசுக்கும் உள்ளே சேர்கிறது. புதிதாக இழைத்த தேக்கைத் தடவினால் விரலில் லேசாக எண்ணெய்ப் பசை தட்டும் பாருங்கள், அதுதான். மோந்தால் பழைய தோல் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாசம்.

உங்கள் மரத்தில் வைரம் எத்தனை அங்குலம்? அதைச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

வரப்போரம்:

வெட்டாமல் எப்படி அண்ணே பார்ப்பது? ஒரு தடித்த கிளையை மட்டும் வெட்டினேன். நடுவில் ரூபாய்க் காசு அகலத்துக்குப் பழுப்பு, மீதி எல்லாம் வெளுப்பு. அப்பா, "கிளையில அப்படித்தான் இருக்கும், அடிமரத்தைப் பாரு" என்றார்.

உளிச்சத்தம்:

அப்பா சொல்வது சரி, கிளையை வைத்து முடிவு கட்ட முடியாது. மூன்றடிச் சுற்றென்றால் பட்டையோடு சேர்த்துக் குறுக்களவு பதினோரு அங்குலம் வரும். பட்டையும் வெள்ளையும் பக்கத்துக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் எடுத்துக்கொள்ளும். வரப்பு மரமாதலால் வெயிலும் தண்ணீரும் தாராளமாகக் கிடைத்து வேகமாகப் பெருத்திருக்கும். அடியில் ஏழு அங்குல வைரம் இருந்தால் நல்ல அதிர்ஷ்டம்.

வேகமாக வளர்ந்த மரம் பலமில்லாதது என்று உங்கள் ஆசாரி சொல்லியிருப்பார். தேக்குக்கு அது அப்படியே பொருந்தாது. வளையம் அகலமாக இருப்பதாலேயே பலம் குறைந்துவிடாது. சின்ன மரத்தில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு. சிக்கல் அங்கேதான்.

கம்பிகட்டி:

சைட் இன்ஜினியர் பேசுகிறேன். வைரம், வாசம் எல்லாம் சரி, கொஞ்சம் கணக்கும் போடுவோம்.

வாசல் நிலை 6-க்கு 4 அங்குலம். ஏழடி இரண்டு, மேலும் கீழும் நான்கடி இரண்டு, ஆக 22 அடி. 24-ஐ 144-ஆல் வகுத்து 22-ஆல் பெருக்கினால் 3.67 கன அடி. உள் நிலைக்கு 5-க்கு 3 போதும், கீழ்ப்படி வேண்டாம், ஒன்றுக்கு பதினேழரை அடி. நான்குக்கும் சேர்த்து 7.3. ஜன்னல் நாலடிக்கு நாலடி, அதே 5-க்கு 3 சட்டம், நடுவில் ஒரு கட்டை என்றால் ஒன்றுக்கு 20 அடி, ஆறுக்கும் பன்னிரண்டரை. மொத்தம் இருபத்து மூன்றரை கன அடி. இது நிலைக்கு மட்டும். கதவுக்கும் ஜன்னல் கதவுக்கும் தனி.

இப்போது உங்கள் மரம். உருண்டை மரத்துக்கு நம் மில்களில் போடும் கணக்கு, சுற்றளவில் கால்பங்கை அதாலேயே பெருக்கி நீளத்தால் பெருக்குவது. அடித்துண்டு ஒன்பதடி நீளம், நடுச்சுற்று 32 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் கால்பங்கு எட்டு. எட்டெட்டு அறுபத்து நாலு, 144-ஆல் வகுத்து ஒன்பதால் பெருக்கினால் 4 கன அடி. மேல்துண்டு 24 அங்குலச் சுற்றென்றால் 2.25. ஆறு மரத்துக்கும் சேர்த்து முப்பத்தேழரை.

கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழு அங்குல வட்டத்துக்குள் 5-க்கு 3 சட்டம் முழு வைரமாக ஒன்றுதான் அடங்கும். இரண்டு எடுத்தால் மூலைகளில் வெள்ளை வரும். ஆறு அடித்துண்டுக்கு ஆறு சட்டம், அதாவது உள் நிலை இரண்டு. மேல்துண்டில் ஜன்னல் கதவுக்கான சின்னச் சட்டம் தேறும். மீதி விறகு, ரம்பப்பொடி.

பின்குறிப்பு: அந்தக் கால்பங்குக் கணக்கே உண்மையான கன அளவில் 78 சதவீதத்தைத்தான் காட்டும். வாங்குகிறவனுக்கு அது லாபம். உங்கள் மரத்தை யாராவது இந்தக் கணக்கில் விலைக்குக் கேட்டால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்புக்கடை:

இவ்வளவு தலைவலி எதற்கு? இரும்பு நிலை போட்டுவிட்டுப் போங்கள். கரையானும் இல்லை, கணக்கும் இல்லை.

உளிச்சத்தம்:

உங்கள் பெயரிலேயே தெரிகிறது. 🙂 பட்டுக்கோட்டையிலிருந்து கடற்கரை எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டு வாருங்கள். உப்புக் காற்றில் மழைச் சாரல் படும் ஜன்னலுக்கு இரும்பு என்றால் வருடம் ஒருமுறை பெயின்ட் டப்பாவோடு நிற்க வேண்டும்.

தேக்கில் இரும்பு ஆணி அடித்தால் ஆணி சீக்கிரம் துருப்பிடிக்காது. ஓக் மரம் ஆணியை அரித்துவிடும். கப்பல் கட்டியவர்கள் தேக்கைத் தேடி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டிய 'டிரிங்கமாலி' என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது.

காரைவீடு:

கப்பல் பேச்சு வந்ததால் நானும் ஒரு வார்த்தை. காரைக்குடிக்காரன். எங்கள் ஐயா வீட்டு வளவு, அதாவது உள்முற்றத்துத் தூண் ஒவ்வொன்றும் ரங்கூனிலிருந்து வந்தது. பர்மாவில் மரத்தை உடனே சாய்க்க மாட்டார்களாம். அடியில் சுற்றிவர பட்டையும் வெள்ளையும் அறும்படி வெட்டிவிட்டு, இரண்டு மூன்று வருடம் நின்ற நிலையிலேயே காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு சரியாக மிதக்காது. காய்ந்ததைச் சாய்த்து, யானை இழுத்து, ஐராவதியில் தெப்பமாக விடுவார்கள். பாதிப் பதம் காட்டிலேயே முடிந்துவிடும்.

ஆனால் இன்றைக்குக் கடைக்காரர் "பர்மா உருட்டு" என்று காட்டினால் இரண்டு தடவை யோசியுங்கள். 2014 ஏப்ரலிலிருந்து மியான்மர் முழு மரமாக வெளியே விடுவதில்லை, அறுத்த சட்டமாகத்தான் ஏற்றுமதி. டெப்போவில் புதிதாக உருட்டாகக் கிடந்தால் அது வேறு ஊர் மரமாக இருக்கத்தான் வாய்ப்பு.

பழைய மரம் வேண்டுமானால் எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வாருங்கள். இடித்த வீட்டு நிலை, உத்தரம், தூண் எல்லாம் கிடைக்கும். எழுபது எண்பது வருடம் காய்ந்த மரம், இனி வளைய அதில் ஒன்றும் இல்லை. ஒரு எச்சரிக்கை: உள்ளே ஆணி புதைந்திருக்கும். நான் வாங்கிய உத்தரத்தில் தலை முறிந்த ஆணி ஒன்று பலகையை அறுக்கும்போது பிளேடில் மாட்டிப் பல் தெறித்தது. பிளேடுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன்.

சாயம்பூசி:

என் கதையையும் கேளுங்கள். கடை பெயர் வேண்டாம். முதல் தரம் என்று சொல்லி ஜன்னல் சட்டம் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே சீரான பழுப்பு, பார்க்க லட்சணமாக இருந்தது. ஒரே சீராக இருக்கிறதே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தேக்கு எங்காவது அப்படி இருக்குமா? கரும்வரி ஓடும், ஓரிடம் மஞ்சளாகும், ஓரிடம் பழுப்பாகும். ஆசாரி இழைப்புளியை ஒரு இழுப்பு இழுத்தார். பழுப்பெல்லாம் சுருளோடு வந்துவிட்டது, அடியில் பச்சரிசி மாதிரி வெள்ளை. சாயம் பூசிக் கொடுத்திருக்கிறார்கள். திருப்பிக் கொண்டுபோனால், "இழைச்ச மரத்தை எடுக்க மாட்டோம்" என்றார்கள்.

மரம் வாங்கப் போனால் பாக்கெட்டில் ஒரு சின்ன உளி இருக்கட்டும். பக்கவாட்டில் பார்க்காதீர்கள், வெட்டுமுகத்தைச் சீவிப் பாருங்கள்.

உளிச்சத்தம்:

இவர் சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுமுகத்தைச் சீவிக் கொஞ்சம் தண்ணீர் தடவினால் வருட வளையம் தெரியும். ஒவ்வொரு வளையமும் தொடங்கும் இடத்தில் ஊசிக்குத்து மாதிரிப் பெரிய துளைகள் வரிசையாக இருக்கும். தேக்கை அடையாளம் காண அதுதான் முதல் வழி.

கானா, நைஜீரியா, கொலம்பியா என்று வருவது நிஜமான தேக்குதான். ஆசியாவிலிருந்து போய் அங்கே தோட்டமாக வளர்ந்தது, அதே ஜாதி. இளசாகவே வெட்டி அனுப்புவதால் உங்கள் வரப்பு மரம் மாதிரி வெள்ளை கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் 'ஆப்பிரிக்கத் தேக்கு' என்று மொட்டையாகச் சொன்னால் உஷார். இரோக்கோ என்று வேறொரு மரத்தையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். மோசமான மரம் இல்லை, ஆனால் தேக்கு இல்லை. துளைகள் வரிசையில் இருக்காமல் எள் தூவின மாதிரி சிதறிக் கிடக்கும்.

மாமாவின் வேங்கை பற்றி: பலத்தில் குறையே இல்லை, தேக்கைவிடக் கனம். காய்ந்த தேக்கு ஒரு கன அடி 18, 19 கிலோதான் இருக்கும், வேங்கை அதைத் தாண்டும். ஆனால் ஈரம் பட்டால் சாயம் இறங்கும். மழைச்சாரல் படும் ஜன்னலில் வைத்து, கீழே வெள்ளைச் சுவர் என்றால் பழுப்புக் கோடு இறங்கியிருப்பதை முதல் ஐப்பசியிலேயே பார்ப்பீர்கள். உள் நிலைக்கு வையுங்கள், மாமாவுக்கும் மரியாதை செய்த மாதிரி ஆகும்.

வன்னிக்காடு:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். எங்கட பழைய வீடுகளில் கூரைக்குப் பனஞ்சிலாகை, கதவுக்கு வேம்பு, வசதியான ஆக்களுக்கு முதிரை. தேக்கு இங்க பிறகு வந்த மரம்தான், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்தது என்று சொல்லுவினம். ஏன் ஒருத்தரும் வேம்பைச் சொல்லேல்ல?

வரப்போரம்:

அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்கள் ஐயா. மாரியம்மன் மரத்தை மிதித்துக்கொண்டு உள்ளே வருவதா என்பார்கள். எங்கள் தெருவிலேயே வேம்பில் நிலை வைத்த வீடும் உண்டு, அது வேறு விஷயம்.

பத்திரம்:

பேச்சு கொஞ்சம் விலகும், பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் பேப்பரைத் திறந்தால் தேக்குத் திட்டம்தான். ஆயிரம் கட்டினால் இருபது வருடத்தில் லட்சம் என்று விளம்பரம். நானும் இரண்டு மரத்துக்குப் பணம் கட்டினேன். பச்சைக் கரை போட்ட பத்திரம் வந்தது. மரம் எங்கே நிற்கிறது என்று கடைசிவரை பார்த்ததில்லை. கம்பெனி போனது, பிறகு 1999-இல் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி இந்த மாதிரித் திட்டங்களுக்கென்று விதி கொண்டுவந்தது. பத்திரத்தை இன்னும் வைத்திருக்கிறேன், கரையான் தொடவில்லை.

வரப்பில் நிஜமாகவே ஆறு மரம் வைத்திருக்கும் உங்கள் அப்பாவை ஒன்றும் சொல்லாதீர்கள்.

கம்பிகட்டி:

😂 சரி, விஷயத்துக்கு வருவோம். என் யோசனை: வாசல் நிலையும் ஜன்னலும் நல்ல மரமாக வெளியே வாங்குங்கள். உள் நிலைக்கு வேங்கை. சொந்த மரத்தைத் தொடாதீர்கள். வெள்ளை வளையத்தின் அகலம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், இனி பெருப்பதெல்லாம் பெரும்பாலும் வைரக் கணக்கில் சேரும். இன்னும் பதினைந்து வருடம் விட்டால் மரம் ஒன்றரை மடங்கு பெருத்தாலும் வைரம் இரண்டு மடங்குக்கு மேல் போகும். அரசுத் தோட்டங்களில் ஐம்பது வருடத்துக்கு மேல் விட்டுத்தான் கடைசி வெட்டு. 1840-களில் மலபார் கலெக்டர் கானலி நிலம்பூரில் போட வைத்த தோட்டத்தில் ஒரு பகுதியை இன்னும் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள், ஒருமுறை போய்ப் பாருங்கள். கப்பலுக்கு மரம் போதவில்லை என்று போட்டது. முதலில் விதை முளைக்கவே இல்லை, சாத்து மேனன் என்பவர்தான் முளைக்க வைத்தார்.

வாங்கும்போது இன்னொன்று. 5-க்கு 3 என்று காசு வாங்கிக்கொண்டு இழைத்த பிறகு நாலே முக்காலுக்கு இரண்டே முக்கால் கொடுப்பார்கள். கால் அங்குலம்தானே என்று விட்டுவிடாதீர்கள், கன அடியில் எட்டில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். பில் எந்த அளவுக்கு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

சுவரை ஒட்டும் பக்கத்துக்கு நிறுத்துவதற்கு முன்பே தார் அடித்துவிடுங்கள். தேக்குதானே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

உளிச்சத்தம்:

நானும் அதையேதான் சொல்ல வந்தேன். வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் வெட்டிப் பாருங்கள். பட்டா நிலமாக இருந்தாலும் வெட்டவும் வண்டியில் ஏற்றவும் என்ன அனுமதி வேண்டும் என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அறுத்த சட்டத்தை உடனே நிலையாக்க வேண்டாம். நிழலில், இடையிடையே கட்டை வைத்து அடுக்கி, முனைகளுக்குப் பெயின்ட் அடித்து, ஐந்தாறு மாதமாவது காயட்டும். மற்ற மரத்தோடு பார்த்தால் தேக்கு சுருங்குவது குறைவு, அதற்காகப் பச்சையாகப் பூட்டினால் பொறுத்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை.

வரப்போரம்: (ஆறு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

வாசல் நிலையும் ஜன்னலும் வாங்கிவிட்டோம். சின்ன உளியோடுதான் போனேன். வெட்டுமுகத்தைச் சீவ ஆரம்பித்ததும் கடைக்காரர், "தம்பி யார்கிட்ட வேலை கத்துக்கிட்டீங்க" என்று கேட்டுவிட்டு வேறொரு அடுக்குக்குக் கூட்டிப்போனார். உள் நிலை வேங்கை. மாமா முழுத் திருப்தி.

வரப்பு மரத்தை விட்டுவிடலாம் என்று சொல்லத்தான் அப்பாவிடம் போனேன். அதற்குள் அவரே சரக அலுவலகத்துக்குப் போய், காகிதம் வாங்கி, இரண்டு மரத்துக்கு ஆளும் சொல்லிவிட்டார். ஒன்றுதான் வெட்டச் சொன்னார்கள் என்றேன். "ஒண்ணு வெட்டினா ஜோடி தனியா நிக்கும்" என்றார். இதற்கு நான் என்ன சொல்ல?

மில்லில் நானும் நின்றேன். பிளேடு ஏறியதும் பழைய செருப்புக் கடை வாசம் வந்தது, உளிச்சத்தம் அண்ணே, அப்படியேதான். மில்காரருக்குத்தான் சலிப்பு. தேக்கில் சிலிக்கா இருக்கிறது, மணலை அறுக்கிற மாதிரிப் பல் மழுங்கும், வேம்பு அறுக்கிற கூலிக்கு இது கட்டாது என்று புலம்பிக்கொண்டே அறுத்தார்.

முதல் மரம் அடியில் சரியாக ஏழு அங்குல வைரம். ஆசாரி கொஞ்ச நேரம் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, 5-க்கு 3 வேண்டாம், 4-க்கு 3 ஆக இரண்டாகப் பிளக்கலாம் என்றார். மரத்தின் நட்டநடுவில் இருக்கும் மெத்தென்ற நடுச்சோறு அறுப்போடு போய்விட்டது. ஒன்பதடிச் சட்டம் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஆறடியும் இரண்டரை அடியும். பூஜை அறை நிலைக்கு அளவெடுத்த மாதிரி அமைந்துவிட்டது. மூலையில் நூல் அளவுக்கு வெள்ளை, அந்தப் பக்கம் சுவருக்குள் போகும். இப்போது மாட்டுக்கொட்டகைப் பரணில் காய்கிறது. தை பிறந்துதான் பூட்ட வேண்டும், கொத்தனாரிடம் வாசலை அப்படியே விடச் சொல்லியாயிற்று.

இரண்டாவது மரம் ஏமாற்றிவிட்டது. அடியில் இரண்டடிக்குப் பொக்கை, உள்ளே எறும்புப் புற்று. மேலே நல்லதாக இருந்ததில் அம்மாவுக்கு ஒரு பெஞ்சு ஆகும்.

உளிச்சத்தம்:

பூஜை நிலைக்குப் பாலிஷ் போடும்போது முதலில் தின்னரில் துணியை நனைத்து ஒருமுறை துடைத்துவிடச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பசையோடு போட்டால் பிடிக்காது, பொருக்காக வரும். மேல்துண்டு என்ன செய்தீர்கள்? அதில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்திருக்குமே, மண்ணில் மட்டும் ஊன்றிவிடாதீர்கள்.

வரப்போரம்:

ஊன்றிவிட்டார் அண்ணே. நேற்று காலை நான் எழுந்து வருவதற்குள் கொட்டகைக்கு நாலு கால் நின்றுகொண்டிருந்தது. வெள்ளை, கரையான், எல்லாம் எடுத்துச் சொன்னேன். "தேக்குடா" என்றார்.